வளைந்த முதுகுகளும் முதுகலைப் படிப்பும்

மலேசியாவின் சிரம்பான் நகரை அடுத்து, ராசாவுக்கு அப்பால் இருக்கிறது மம்பாவ். ரந்தாவ், சிலியாவ், லிங்கி என விரிந்து கிடக்கும் தோட்டப்புறத்துக்கு அதுவே வாயில். 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இருப்புப்பாதை போடப்பட்டது. 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் என்னும் சீன வணிகர் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் இவ்வட்டாரத்துக் குன்றுகள் உருமாறிப்போயின. காடு போய்ப் பால்மரம் வந்தது. பால்மரத்தோடு தமிழர் வந்தனர். கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று மம்பாவிலும் அதைச் சூழ்ந்த தாமான்களிலும் வாழ்கின்றனர். தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சிலவற்றின்மேல் வீடுகள் எழுந்தன. லயங்கள் மறைந்துவிட்டன. அந்த லயங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டுச் சென்று உழைத்தவர்களோ இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். சிறு வீடுகளின் முன்கூடத்தில் நெகிழி நாற்காலியில் அமர்ந்து, எழுவதற்கு இரு கைகளையும் ஊன்றி, எழுந்தபின் சுவரைப் பற்றி நடக்கின்றனர்.

பால்வெட்டு எத்தகைய உழைப்பு என்பதை நேரில் அறிந்தோர் அருகி வருகின்றனர். ஆதலால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயில் ஏறுமுன் பட்டையிலுள்ள பாற்குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்கு வடியும். அதனால்தான் இருளில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, பனியில் நடை. ஒருவர் பங்குக்கு நாளொன்றுக்குச் சில நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டின் நுண்விசையால் பட்டையை மெல்லச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் புண்படும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். வெட்டு நாளுக்கு நாள் கீழிறங்கிக்கொண்டே போகும். நெஞ்சளவில் தொடங்கியது இடுப்பளவாகி, முழங்காலளவாகி, வேரை நெருங்கும். வெட்டோடு சேர்ந்து தொழிலாளியின் முதுகும் இறங்கியது. அடிப்பட்டை தீர்ந்தபின் மேற்பட்டைக்குப் போவார்கள். அப்போது கழுத்து பின்னே சாய, கை தோளுக்குமேல் உயர்ந்தே இருக்கும். பால் திரண்டதும் காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகள் தொங்க, மேடும் பள்ளமும் கடந்து நிறுவையிடம்வரை சுமக்க வேண்டும். பெண்களும் இதே வேலையைத்தான் செய்தனர். பிள்ளைப்பேறு முடிந்து உடல் தேறுமுன் குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்கு ஏறிய தாய்மார் நம் குடும்பங்கள்தோறும் உண்டு.

செம்பனை வந்தபின் சுமையின் உருவம் மாறியது, சுமை குறையவில்லை. இளமரத்தில் குனிந்து உளியால் குத்திக் குலையைத் தள்ள வேண்டும். மரம் உயர்ந்தபின் நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தபடி இழுக்க வேண்டும். முற்றிய குலை இருபது கிலோவையும் தாண்டும். அதை எடுத்து வண்டியில் போடுவதும் அறுத்தவரே.

இவ்வுடல்களின் துன்பத்துக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் முதுமை. முழங்கால் மடங்க மறுத்தால் வயது என்கிறோம். தோளை உயர்த்த முடியாவிட்டால் வாயு என்கிறோம். விரல்கள் மரத்துப்போனால் குளிர் என்கிறோம். பல்லாண்டுக் காலம் ஒரே பக்கம் திரும்பிய இடுப்பு எவ்வாறு தேயும், இலட்சக்கணக்கான முறை சுழன்ற மணிக்கட்டின் நரம்பு எவ்வாறு நெரியும் என்று கேட்டறிந்து எழுதிவைத்தவர் நம்மவரில் மிகச் சிலர். தோட்டத்து மருத்துவமனைகள் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து தந்தன. மெல்லத் தேய்ந்த மூட்டுக்கு மாத்திரையும் தைலமுமே கிடைத்தன. பிழைப்பு முந்தியது, வலி பிந்தியது. அந்த வலிதான் இன்று வீட்டுக்குள் வந்து தங்கியிருக்கிறது.

இதன்மேல் இன்னொரு சுமையும் சேர்ந்துள்ளது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டின் வளர்ந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பக்கவாதத்துக்கும் கால் இழப்புக்கும் வழிவிடுகின்றன. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் உயிர் காக்கப்பட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு அதற்குப்பின் வேண்டியது மாதக்கணக்கில் தொடரும் பயிற்சி. படுக்கையில் புரள, எழுந்து உட்கார, நிற்க, கழிப்பறைவரை நடக்க, தன் கையால் சோறு பிசைந்து உண்ண அவர் மீண்டும் கற்றாக வேண்டும். அதைக் கற்பிக்கும் துறையே இயன்முறை மருத்துவம்.

நம் இளைஞர் பலர் இத்துறையில் பட்டயமும் பட்டமும் பெற்று வருகின்றனர். மம்பாவிலிருந்து எட்டும் தொலைவில், நீலாயில் உள்ள இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகத்தில் இப்பட்டப்படிப்பு உண்டு. சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்திலும், கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பட்டம் பெற்றோரில் மிகப் பலர் அத்தோடு நின்று விடுகின்றனர். நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றே. அவர்களுள் ஆற்றலும் ஆர்வமும் உடையோர் முதுகலைக்குச் செல்ல வேண்டும். சென்று, தோட்டத்தில் தேய்ந்த உடல்களையே தம் ஆய்வுப்பொருளாகக் கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய பொருளையும் காலத்தையும் சமூகம் தாங்க வேண்டும்.

இத்துறையை உருவிவிடும் வேலை என்று கருதுவோர் இன்னும் உளர். அவர்களுக்கு அதன் வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுவது நன்று. 1894இல் இலண்டனில் நான்கு செவிலியர் கூடித் தொடங்கிய ஒரு சங்கமே பின்னாளில் பிரிட்டனின் இயன்முறை மருத்துவக் கழகமாக வளர்ந்தது. முதல் உலகப்போரில் உறுப்பிழந்து திரும்பிய வீரர்களும், இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளும் இக்கலையை மருத்துவமனையின் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினர். 1951இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தது. அதன் நினைவாகவே ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகப் போற்றப்படுகிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 774ஆம் சட்டம் 2020 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத் துணைத்தொழில்கள் இருபத்துமூன்றை அது வரையறுத்தது; இயன்முறை மருத்துவம் அவற்றுள் ஒன்று. முறையாகக் கற்று, அச்சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் பதிந்தவரே இத்தொழிலைச் செய்யலாம் என்னும் நிலை வந்துள்ளது.

பட்டம் இருக்க, அதற்குமேல் ஒரு முதுகலை எதற்கு? இக்கேள்வியைப் பெற்றோர் கேட்கின்றனர், கேட்பது இயல்பே. முதற்பட்டம் உடலமைப்பையும், தசை நரம்புகளின் இயக்கத்தையும், நோயாளியைச் சோதிக்கும் முறையையும், பயிற்சி தரும் கையையும் கொடுக்கிறது. ஐயுறவு கொள்ளும் அறிவு முதுகலையில்தான் முறையாகப் பயிலப்படுகிறது. இப்பயிற்சி உண்மையில் பயன்தருகிறதா, யாருக்குத் தருகிறது, எவ்வளவு செய்தால் தருகிறது, தராமல் போனால் ஏன் என்று கேட்கவும், அக்கேள்விக்கு அளந்து விடை காணவும் அது பழக்குகிறது. நரம்பியல், எலும்பு மூட்டு, நெஞ்சகம், குழந்தை நலம், முதியோர் நலம், விளையாட்டு என ஒரு கிளையில் ஆழ்ந்து நிற்கும் வாய்ப்பும் அங்கே உண்டு. ஆய்வுநெறிக் குழுவிடம் ஒப்புதல் பெறுவது, நூறு பேரைத் தேடிச் சென்று அளப்பது, புள்ளியியலோடு போராடுவது, எழுதியதைத் திருத்தித் திருத்தி எழுதுவது ஆகிய கடும்பாடுகளும் அங்கேதான்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இத்துறை கண்ட இரு பெரும் ஆய்வுகளைச் சொல்வோம். பக்கவாதம் வந்தவரை எவ்வளவு விரைவில் எழுப்பி நடத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்பது நெடுங்கால நம்பிக்கை. அதைச் சோதிக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் அவெர்ட் என்னும் ஆய்வு நடந்தது. ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகள், 2104 நோயாளிகள். அந்த ஐந்து நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. முடிவு 2015இல் வெளியாயிற்று. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மிகுதியாக எழுப்பி நடத்தப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து நன்னிலை அடைந்தோர் 46 விழுக்காடு. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 50 விழுக்காடு. விரைவும் மிகுதியும் நன்மையைக் குறைத்திருந்தன. அதே தரவுகளை மேலும் ஆராய்ந்தபோது, சிறுசிறு பொழுதாகப் பலமுறை எழுப்புவது நலம் பயப்பதாகத் தெரியவந்தது. அன்பினால் தந்தையைத் தூக்கி நிறுத்தும் மகனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அவனுக்குச் சொல்ல வேண்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வு நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. அட்டெண்ட் என்பது அதன் பெயர். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்தது. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் வல்லுநர் செயராச் பாண்டியன் அதை இந்தியாவில் முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். சிகிச்சையாளர் குறைவான நாட்டில் வீட்டார் ஒருவருக்கே பயிற்சிமுறைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் நோயாளி தேறுவாரா என்பதே கேள்வி. பலரும் ஆம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடிய கேள்வி அது. 2017இல் விடை வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தோரும் பிறரைச் சார்ந்தே வாழ்வோரும் இரு பிரிவிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். குடும்பத்தின் பாசத்தை இவ்வாய்வு குறைத்து மதிப்பிடவில்லை. பாசத்தோடு கற்றுத் தேர்ந்த கையும் சேர வேண்டும் என்று நாம் அதிலிருந்து கொள்கிறோம். வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று பெருமையோடு சொல்லும் நம் குடும்பங்கள் இதை எண்ணிப்பார்ப்பது நன்று.

இத்தகைய ஆய்வுகளைத் தேடிப் படிக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. சிட்னியில் 1999இல் தொடங்கிய பெட்ரோ என்னும் தரவுத்தளம் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளையும் தொகுப்புரைகளையும் வழிகாட்டு நெறிகளையும் கட்டணமின்றிப் பட்டியலிட்டுத் தருகிறது. அதன் முகப்பைத் தமிழிலும் காணலாம். கதவு திறந்திருக்கிறது. உள்ளே சென்று நல்லாய்வையும் குறையாய்வையும் பிரித்தறியும் பயிற்சிக்கே முதுகலை.

மேற்படிப்பை ஒருவர் எதற்காக மேற்கொள்ள வேண்டும் என்பதற்கு வேலூர் தந்த சான்று ஒன்று உண்டு. மேரி வர்கீசு கேரளத்தில் 1925இல் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்றவர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலற்றுப் போயிற்று. மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே எவரும் கருதியிருப்பர். தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்திவந்த பால் பிராண்டு அவருக்கு ஊக்கமளித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி அந்தக் கை அறுவைகளைச் செய்தார். அத்தோடு அவர் நிறைவடையவில்லை. தம்மைப்போல் முடங்கியோர் மீண்டும் வாழ வழிகாட்டும் கல்வி தம் மருத்துவமனையில் இல்லை என்று கண்டு, அதைக் கற்க நியூயார்க்கு சென்றார். அக்காலத்தில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியாக விளங்கிய ஓவர்டு ரசுக்கின் நிறுவனத்தில் பயின்றார். பயின்றபின் வேலூருக்கே திரும்பினார். துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் இந்திய அரசு பத்மசிறீ வழங்கியது. அவர் இயன்முறைச் சிகிச்சையாளர் அல்லர், மருத்துவர். ஆயினும் இவ்விரு துறையினரும் ஒரே நோயாளியின் அருகில் நிற்பவர்கள். இவ்வரலாற்றில் நம்மைத் தொடுவது அவருடைய துணிவு மட்டுமன்று. தன் ஊரில் இல்லாத அறிவு எதுவெனக் கண்டறிந்து, அதையே தேடிச் சென்று, அதோடு ஊர் திரும்பிய ஒழுங்கு நம்மைத் தொடுகிறது.

மம்பாவில் இல்லாத அறிவு எது? பால்வெட்டுத் தொழிலாளரின் இடுப்புவலி குறித்துத் தாய்லாந்திலும் இலங்கையிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. நம் நாட்டிலும் செம்பனை அறுவடையாளரின் தசைமூட்டு நோய்கள் குறித்துப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்துள்ளன. அவற்றை வரவேற்கிறோம். அவற்றின்மேல் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் பல உள. வேலையிலிருந்து ஓய்ந்து இருபது ஆண்டு கடந்த முதியவரின் மூட்டில் அவ்வேலை விட்டுச்சென்ற தேய்வு எவ்வளவு? வெட்டும் கைப்பக்கத்துத் தோளும் மறுபக்கத்துத் தோளும் ஒரே அளவில் தேய்ந்துள்ளனவா? காண்டா சுமந்தவர்களின் கழுத்தெலும்பு பிறருடையதினும் வேறுபடுகிறதா? அவர்கள் கீழே விழும் அபாயம் எத்தகையது, அதைக் குறைக்கும் பயிற்சி எது? ஒவ்வொன்றும் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். அளக்க வேண்டியவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கின்றனர். இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து இருக்கமாட்டார்கள்.

இதில் நீதியின் பக்கமும் ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் உருவான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, வேலையால் நேர்ந்த காயத்துக்கும் நோய்க்கும் ஈடு வழங்குகிறது. மலாக்காவில் 2014இல் திறக்கப்பட்ட அதன் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் சிறந்த வசதிகள் உடையது. மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தால் காரணத்தைக் காட்டுவது எளிது. முப்பதாண்டுக் காலம் மெல்ல மெல்லத் தேய்ந்த முதுகுக்குக் காரணம் காட்டுவது எளிதன்று. இது வயதினால் வந்தது என்று சொல்லிவிட்டால் மறுக்கச் சான்று வேண்டும். அச்சான்றைக் கண்ணீரோ மேடைப்பேச்சோ தராது. ஒத்த வயதுடைய தோட்டத் தொழிலாளரையும் பிற தொழிலாளரையும் அருகருகே வைத்து அளந்த ஆய்வே தரும். தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954 முதல் கூலிக்காகப் போராடிவந்திருக்கிறது. உடல் தேய்வுக்கான போராட்டத்துக்கு ஆய்வேடுகளும் படைக்கலமாக வேண்டும்.

பெண்களின் நலம் தனியே பேசப்பட வேண்டியது. பிள்ளைப்பேற்றுக்குப்பின் தளர்ந்த இடுப்புத்தளத் தசையோடு வாளி சுமந்தவர்களுக்குச் சிறுநீர் அடக்க இயலாமை, அடியிறக்கம் போன்ற தொல்லைகள் நேரலாம். அவற்றை வாய்விட்டுச் சொல்ல நாணி, திருமணங்களையும் கோயில் விழாக்களையும் தவிர்த்து வீட்டோடு ஒடுங்கும் முதுபெண்டிர் உளர். இடுப்புத்தளத் தசைப்பயிற்சி இத்தொல்லைக்குப் பயன்தரும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. மகளிர் நலத்தில் முதுகலை பயின்ற தமிழ்ப்பெண் ஒருவர் இவர்களிடம் சென்று அமர்ந்து பேசினால் அடைபட்ட துன்பம் வெளிவரும். வலியையும் இயக்கத்தையும் அளக்கும் வினாநிரல்கள் தோட்டத்து மூதாட்டிக்குப் புரியும் தமிழில் சோதித்துச் செப்பம் செய்யப்பட வேண்டும். அப்பணியும் முதுகலை மாணவருக்கு ஏற்றதே. மூதாட்டி சொல்வது சரியாகக் குறிக்கப்படாவிட்டால் அவருக்குத் தரப்படும் சிகிச்சையும் சரியாக அமையாது.

இன்று தோட்டங்களில் குலை அறுப்போர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தியாவிலிருந்து புதிதாக வந்தோர். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் சொக்சோவின் காப்புக்குள் வந்துள்ளனர். நம் பாட்டன்மார் பட்டதை இவர்கள் இப்போது படுகின்றனர். தமிழர்க்கென்று தொடங்கும் ஆய்வு இவர்களையும் தழுவ வேண்டும். மம்பாவின் தமிழ்மகன் ஒருவன் நேப்பாளத் தொழிலாளியின் முதுகை அளந்து அவன் அரிவாள் பிடிக்கும் முறையைத் திருத்துவானாயின், அது நம் சமூகம் தன் துன்பத்திலிருந்து கற்றதற்கு அடையாளம்.

எங்கே படிப்பது என்பது அடுத்த கேள்வி. கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலத்தில் ஆய்வுவழி முதுகலைக்கு இடமுண்டு. ஒரு நல்ல வழிகாட்டி அமைந்தால் சிரம்பானில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முடிப்பதும் இயலும். தமிழகத்தில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் ஈராண்டு முதுகலைப் படிப்பு உண்டு. அங்கே நோயாளிகள் மிகுதி, கைப்பழக்கமும் மிகுதி. பிரிட்டனில் ஓராண்டில் முடிக்கலாம்; செலவு அதிகம். ஆஸ்திரேலியா எலும்பு மூட்டுப் பிரிவிலும் பக்கவாத மறுவாழ்விலும் பேர்பெற்றது. எதைத் தேர்ந்தாலும், பணம் கட்டுமுன் அப்பட்டம் இந்நாட்டில் ஏற்கப்படுமா என்று மன்றத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவது கடமை. விளம்பரத்தை நம்பிப் பெற்றோரின் சேமிப்பை இழந்த பிள்ளைகளின் துயரத்தைப் பிற படிப்புகளில் நம் சமூகம் போதுமளவு கண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கட்டடத்தைப் பார்த்துத் தேர்வதைவிட, தன் கேள்வியை வழிநடத்தவல்ல ஆசிரியர் யார் என்று பார்த்துத் தேர்வதே அறிவுடைமை. அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு அவருக்கு மடல் எழுதும் மாணவருக்குப் பெரும்பாலும் மறுமொழி வரும்.

அதோடு இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பட்டம் பெற்றவுடனே முதுகலைக்கு ஓடுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளாவது மருத்துவமனைக் கூடத்தில் நோயாளிகளோடு நின்றபின் செல்வதே நன்று. கேள்வி அங்கேதான் பிறக்கிறது. கேள்வியின்றிச் செல்வோர் ஆசிரியர் கொடுத்த தலைப்பில் ஏடொன்றை முடித்து, பட்டத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, பழைய வேலைக்கே திரும்புகின்றனர்.

பணத்தின் தடை பெரிது. இத்துறையில் தனியார் நிலையங்கள் தொடக்கத்தில் தரும் ஊதியம் குறைவு. முதற்பட்டத்துக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கல்விக்கடன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மேற்படிப்பு எண்ணவும் அரிய ஆசையாகிறது. அரசுப் பணியிலிருப்போர் மேற்படிப்புக்கான கூட்டரசுப் பயிற்சி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விடுவோர் இனியேனும் விடலாகாது. தனியார் துறையில் இருப்போர்க்கு அத்தகைய ஊன்றுகோல் இல்லை.

பெண்மக்களின் பெற்றோரிடமும் ஒரு சொல். இத்துறைக்கு வருவோரில் பெண்கள் மிகுதி. இருபத்தைந்து வயதில் படிப்பா திருமணமா என்று அவர்களை நிறுத்திக் கேட்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. இரண்டும் ஒருங்கே நடக்கலாம். பகுதிநேரப் படிப்பு இருக்கிறது. குழந்தை பெற்றபின் ஆய்வேட்டை முடித்தோர் இருக்கின்றனர். குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு வேலைக்குப் போனாள் உங்கள் தாய், வேறு வழியின்றி. அவர் பேத்தியான உங்கள் மகள் படிக்கச் செல்லும்போது அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு வழி இருக்கிறது.

நம் சமூகத்துக்குக் கூட்டாகக் கொடுத்துக் கூட்டாக உயர்ந்த வரலாறு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் துன் சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் போட்ட பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. 1984இல் எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி மேம்பாட்டு நிறுவனம் தோன்றியது, அதன்வழி ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உதவித்தொகை தர நம் சங்கங்கள் முன்வருகின்றன, மகிழ்ச்சி. இயன்முறை மருத்துவத்தில் மேற்படிப்புக்கென்று தனியே ஒதுக்கப்பட்ட நிதி ஒன்று வேண்டும் என்று அவற்றை வேண்டுகிறோம். ஏய்ம்ஸ்ட் போன்ற நம் நிறுவனங்கள் தோட்டத் தொழிலாளர் உடல்நலத்தையே நிலையான ஆய்வுப் புலமாக அமைக்கவும் வேண்டுகிறோம்.

அரசிடம் கேட்பதும் உண்டு. 1984இல் திரெங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் சமூகநல இலாகா தொடங்கிய ஊர்சார் மறுவாழ்வுத் திட்டம் இன்று நாடெங்கும் பரவி, உடற்குறையுள்ள குழந்தைகள் பலருக்குத் துணைநிற்கிறது. நடமாட இயலாதோரை வீட்டுக்கே சென்று கவனிக்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சும் நடத்திவருகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டு நிற்பவர்கள் தோட்டத்து முதியோர். படுக்கையில் விழவில்லை, ஆதலால் வீட்டுக்கு எவரும் வருவதில்லை. பேருந்து ஏறும் வலுவில்லை, ஆதலால் சிரம்பானுக்கு வாரம் இருமுறை செல்ல இயலுவதில்லை. மகன் வேலைக்கு விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துச் சென்றால் ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாம் வாரம் சிகிச்சை நின்றுபோகிறது.

இதற்கு மம்பாவிலேயே விடை காணலாம். நீலாயில் பல்கலைக்கழகம் இருக்கிறது; சிரம்பானில் மாநில மருத்துவமனை இருக்கிறது; மம்பாவில் கோயில் மண்டபமும் பள்ளிக்கூடமும் பொதுமண்டபமும் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் முதியோர்க்கான இயன்முறை மருத்துவ நிலையம் நடக்கட்டும். பதிவுபெற்ற மூத்தவர் ஒருவர் மேற்பார்வையிட, இளங்கலை மாணவர் கைப்பயிற்சி பெற, முதுகலை மாணவர் ஒப்புதல் பெற்று அளந்து எழுதட்டும். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் முப்பது நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்னும் எளிய சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஒரு நாற்காலியும் ஒரு நிறுத்துக்கடிகாரமும் தரையில் இழுத்த ஒரு கோடும் போதும். ஓராண்டில் நூறு முதியோர்க்குச் சிகிச்சையும், நாட்டுக்கு ஓர் ஆய்வேடும் கிடைக்கும்.

சிரம்பான் வட்டாரத்துக் கோயில் நிருவாகங்களும் தமிழ்ச் சங்கங்களும் முன்னாள் மாணவர் மன்றங்களும் கூடி, வரும் கல்வியாண்டுக்குள் ஒரே ஒரு முதுகலை மாணவருக்கான முழு உதவித்தொகையை அறிவிக்க வேண்டுகிறோம். கல்விக்கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் அதில் அடங்க வேண்டும். ஆய்வு இவ்வட்டாரத்துத் தோட்ட மக்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆய்வின் சுருக்கம் தமிழில் எழுதப்பட்டு, அளக்கப்பட்டவர்கள் முன்னிலையில் படிக்கப்பட வேண்டும். தேர்வுக்குழுவில் பேராசிரியர் ஒருவரும், மூத்த இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரும், பால்வெட்டி ஓய்ந்த தொழிலாளர் ஒருவரும் அமர வேண்டும். விண்ணப்பிக்கும் மாணவர் தம் ஆய்வுக்கேள்வியை அந்த மூன்றாமவருக்குப் புரியுமாறு விளக்கியாக வேண்டும்.